அறிவும் விசுவாசமும்: துண்டுப்பிரசுரங்கள் தொடுத்த வழக்கு

மட்டுநகர் வாவிக்கரைக்குச் செல்வோர் இரு நினைவுச் சின்னங்களைக் காணலாம். ஒன்று, 1814ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்து, ஓராண்டு நிறையுமுன்னே இம்மண்ணிலேயே உயிர்நீத்த வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. மற்றது, கல்லடிப் பாலத்தைக் கடந்து உப்போடைக்குச் சென்றால், சிவானந்த வித்தியாலய வளவிலே மரநிழலில் அமைதியாக விளங்கும் சுவாமி விபுலாநந்தரின் சமாதி. ஒருவர் கிறிஸ்து சமயத்தைப் பரப்புதற்கெனக் கடல் கடந்து வந்தவர். மற்றவர் காரைதீவிற் பிறந்து, காவியுடுத்து, தமிழையும் சைவத்தையும் உலகறியச் செய்தவர். இருவருக்கும் இடையே ஓடுவது வாவிநீர் மட்டுமன்று; ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சமய வாதமும் ஓடுகின்றது.

அவ்வாதம் வாளாலும் துப்பாக்கியாலும் நடந்ததன்று. கடதாசியாலும் மையாலும் நடந்தது. சிறு சிறு துண்டுப்பிரசுரங்களே அதன் படைக்கலங்கள். அப்போரிலே நம்மவர் பெற்ற வெற்றியைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி பேசுகின்றோம். ஆனால், அதே போரின் காரணமாக நாம் இழக்கவிருந்த ஒன்றைப் பற்றிப் பேசுவது அரிது. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஐரோப்பாவில் எழுந்த வழக்கு

நம் நாட்டுக்கு வந்த பாதிரிமார் தம் சமயத்தைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டறியாத நாட்டிலிருந்து வந்தார்கள் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. அவர்கள் புறப்பட்டு வந்த இங்கிலாந்திலே அதற்கு முந்திய நூறாண்டு முழுவதும், அறிவு பெரிதா விசுவாசம் பெரிதா என்ற வழக்கு ஓயாது நடந்துகொண்டிருந்தது.

1696ஆம் ஆண்டில் ஜோன் தோலண்ட் என்பவர், கிறிஸ்து சமயத்தில் அறிவுக்கு எட்டாத மறைபொருள் எதுவும் இல்லை என நாட்டி ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டிலே டப்ளின் நகரில் அந்நூலைத் தீயிலிடும்படி அயர்லாந்துப் பாராளுமன்றம் கட்டளையிட்டது. பின்னர் தோமஸ் வூல்ஸ்டன் என்பவர் 1727 முதல் 1729 வரை, விவிலியத்திற் கூறப்படும் அற்புதங்களைச் சொல்லுக்குச் சொல் உண்மையெனக் கொள்ளலாகாது என்று ஆறு சிறு பிரசுரங்களை வெளியிட்டார். அவை விரைந்து விற்பனையாயின. அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. தண்டமும் சிறையும் விதிக்கப்பட்டன. தண்டத்தைக் கட்ட வகையின்றிக் காவலில் இருந்தபடியே 1733இல் அவர் இறந்தார். 1730இல் மத்தேயு திண்டல் என்பவர், மெய்ச்சமயம் என்பது படைப்புத் தொடங்கிய நாள் முதலே மனிதனுடைய அறிவில் எழுதப்பட்டுள்ளது. தனியாக ஒரு வேதம் வந்து சொல்ல வேண்டிய புதுமை எதுவும் இல்லை என வாதித்தார்.

இவர்கள் கடவுள் இல்லை என்றவர்கள் அல்லர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். கடவுள் ஒருவர் உண்டு. அவரை அறிவினால் அறியலாம். ஒரு நாட்டார்க்கு மட்டும் ஒரு நூலை அருளி மற்றையோரை அவர் கைவிட்டார் என்பது பொருந்தாது என்பதே அவர்கள் கொள்கை.

இவர்களுக்கு மறுமொழி சொன்னவர்களும் எளியரல்லர். அவர்களுள் தலையாயவர் யோசேப் பட்லர். 1736இல் அவர் எழுதிய நூலின் சாரம் இது: வேதத்தில் விளங்காத இடங்கள் உண்டு என்கின்றீர், இயற்கையிலும் அத்தகைய இடங்கள் உண்டே. இயற்கையைக் கடவுள் படைப்பென்று நீர் ஒப்புக்கொள்கின்றீர். ஒன்றிலே பொறுத்துக்கொண்ட குறையை மற்றதிலே காட்டி அதனைத் தள்ளுதல் நீதியாகுமா? இந்த வாதத்தின் அமைப்பை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வேறோரிடத்தில், வேறொருவர் கையில், இதே அமைப்பை மீண்டும் காண்போம்.

ஜேர்மனியிலே லெஸ்ஸிங் என்னும் பேரறிஞர், இறந்துபோன றைமாறுஸ் என்பவரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து விவிலிய ஆராய்ச்சிப் பகுதிகளை 1774 முதல் பெயர் குறியாது வெளியிட்டார். ஹம்பேர்க் நகரத்துக் குருவான கோயற்சே அவரை எதிர்த்தார். பிரசுரத்துக்கு மேல் பிரசுரம் பிறந்தது. 1778இல் அரசாணை லெஸ்ஸிங்கின் வாயை அடைத்தது. கட்டுரை எழுதத் தடை வந்ததும் அவர் அடுத்த ஆண்டிலே நாடகம் எழுதினார். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூவரும் ஒரு தந்தையிடமிருந்து ஒன்றுபோன்ற மூன்று மோதிரங்களைப் பெற்ற மைந்தர் போல்வர்; எவருடைய மோதிரம் மெய்யானது என்பதை அவரவர் நடத்தையே காட்டவேண்டும் என்பது அந்நாடகத்தின் உயிரான கதை.

இவை யாவற்றினும் பரந்த ஆரவாரத்தை உண்டாக்கியவர் தோமஸ் பெயின். அமெரிக்க விடுதலைக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் பேனா பிடித்த அவர், பாரிஸ் நகரத்துச் சிறைவாச காலத்தை ஒட்டி, ‘அறிவின் யுகம்’ என்னும் நூலின் இரு பாகங்களை 1794லும் 1795லும் வெளியிட்டார். பழைய ஏற்பாட்டின் வரலாறுகளையும் பலிகளையும் போர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கடுமையாகக் கேள்வி கேட்டார். வற்சன் என்னும் மேற்றிராணியார் 1796இல் விடை எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டிலே, பெயினின் நூலை விற்ற வில்லியம்ஸ் என்னும் புத்தக வியாபாரி இலண்டனில் குற்றவாளியெனத் தீர்ப்பிடப்பட்டார். விடை எழுதவும் அறிந்திருந்தார்கள். விலங்கு பூட்டவும் அறிந்திருந்தார்கள்.

அந்த ஆண்டுகளிலேயே மிஷன் சங்கங்களும் தோன்றின. 1792இல் பப்ரிஸ்த மிஷன் சங்கமும், 1795இல் இலண்டன் மிஷன் சங்கமும் பிறந்தன. வெஸ்லி ஐயரின் மெதடிஸ்த இயக்கமும் அதே பதினெட்டாம் நூற்றாண்டின் குழந்தையே. உள்நாட்டிலே கேள்வி வலுத்த காலத்திற்றான் கடல் கடந்து விடை சொல்லப் புறப்பட்டார்கள்.

தரங்கம்பாடி முதல் கல்கத்தா வரை

தமிழ்நாட்டில் இந்த வாதம் இன்னும் முன்னரே தொடங்கிவிட்டது. 1706இல் தென்மார்க்கு அரசன் அனுப்பச் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறு பிள்ளைகளோடு மணலில் இருந்து தமிழ் எழுத்துக் கற்றார் என்பர். 1713இல் அங்கே தமிழ் அச்சு வேலை தொடங்கியபோது முதன்முதல் வெளிவந்தவற்றுள் ஒன்று, நம் முன்னோர் வழிபாட்டை அக்கியானம் எனக் கண்டிக்கும் சிறு பிரசுரம். ஞானம், அஞ்ஞானம் என்பன நம் சாத்திரங்கள் வளர்த்த சொற்கள். அச்சொல்லே அச்சேறி நம்மை நோக்கித் திரும்பி வந்தது.

ஆயினும் சீகன்பால்கு வெறுங் கண்டனக்காரர் அல்லர். பிராமணரோடும் பிறரோடும் உரையாடி அவற்றை எழுதிவைத்தார். தமிழர் எழுதிய கடிதங்களைப் பெற்று ஜேர்மன் மொழியில் ஆக்கி அனுப்பினார். அவ்வுரையாடல்களுள் முப்பத்து நான்கு, 1719இல் இலண்டனிலே ஆங்கிலத்தில் அச்சாயின. திண்டலும் வூல்ஸ்டனும் வாதாடிய அந்நகரத்திலே, கடவுள் ஒருவரே, நாடுதோறும் நெறி வேறுபடும் என்று விடை சொன்ன தமிழரின் குரலும் நூல்வடிவில் விற்கப்பட்டது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

அவர் நம் தெய்வங்களைப் பற்றி ஆராய்ந்து 1713இல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஹாலே நகரத்திலிருந்த மேலோர் அதனை அச்சிடச் சம்மதிக்கவில்லை. புறச்சமயத்தை ஒழிக்கவே அனுப்பினோம், அதனை ஐரோப்பாவிலே பரப்புவதற்கன்று என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஒரு நூல் பெட்டியிற் கிடந்தது! எதிரியைத் தாக்கும் பிரசுரம் உடனே அச்சேறும். எதிரியை விளங்கிக்கொள்ளும் நூல் காத்திருக்கும். இது எக்காலத்துக்கும் எச்சமயத்தார்க்கும் பொருந்தும் பாடம்.

பாதிரிமார் தம்முள்ளும் போரிட்டார்கள். தரங்கம்பாடிப் புரட்டஸ்தாந்தருக்கு எதிராகக் கத்தோலிக்கரான வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’, ‘பேதகம் மறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். தமிழ் உரைநடை கண்டனத் தொட்டிலிலே வளர்ந்தது எனின் மிகையாகாது.

வங்கத்திலே இராஜாராம் மோகன் ராயர், 1820இல் இயேசுநாதரின் அறிவுரைகளை மட்டும் தொகுத்து, அற்புதங்களையும் கோட்பாடுகளையும் விலக்கி ஒரு நூல் வெளியிட்டார். பாராட்டுவார்கள் என்று நினைத்த சேராம்பூர்ப் பாதிரிமார் சீறி எழுந்தனர். மார்ஷ்மன் என்பவர்க்கும் ராயர்க்கும் மூன்றாண்டு வாதம் நடந்தது. ராயரின் மூன்றாவது மறுமொழியை மிஷன் அச்சகம் அச்சிட மறுத்தது. அவர் தாமே அச்சகம் ஏற்படுத்தி 1823இல் அதனை வெளியிட்டார். 1830ஐ அடுத்துப் பெயினுடைய நூல்கள் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிக் கல்கத்தாவில் வந்திறங்கின என்றும், இந்துக் கல்லூரி மாணவர் போட்டியிட்டு வாங்கினர் என்றும் டவ் பாதிரியார் கவலையோடு குறித்துள்ளார். இலண்டனில் விற்றவனைச் சிறையிலிட்ட நூல் வங்கத்திலே வெளிப்படையாக விலைபோயிற்று.

யாழ்ப்பாணத்துக் கண்டன காலம்

ஈழத்தில் மெதடிஸ்த பாதிரிமார் 1814இல் காலித் துறையில் இறங்கினர். ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்பார் யாழ்ப்பாணம் சென்றனர். 1816இல் அமெரிக்க மிஷனாரும் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தனர். பாடசாலைகள் எழுந்தன, வைத்தியம் வந்தது, அச்சியந்திரம் வந்தது. 1841 ஜனவரியில் ‘உதயதாரகை’ உதித்தது. விஞ்ஞானமும் செய்தியும் சொல்லிய அதே தாளிலே, நம் புராணங்களைப் பரிகசிக்கும் எழுத்தும் வந்தது. சுன்னாகம் முத்துக்குமார கவிராயர் ‘ஞானக்கும்மி’, ‘இயேசுமத பரிகாரம்’ என்பவற்றைப் பாடி எதிர்த்தார். ஆனால் பாட்டும் ஏடும் கைக்குக் கை செல்வன. அச்சுத்தாளோ வீட்டுக்கு வீடு செல்வது. இதனை உணர்ந்த சைவர், 1842 செப்டெம்பரில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிற் சூழலிலே கூடி, பாடசாலை ஒன்றும் அச்சகம் ஒன்றும் வேண்டும் எனத் தீர்மானித்தனர். பாதிரிமாரின் படைக்கலம் எது என்பதை அவர்கள் தெளிவாகக் கண்டுகொண்டார்கள்.

அப்படைக்கலத்தைக் கையில் எடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இற் பிறந்த அவர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிலே படித்து, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத்தைத் தமிழாக்கம் செய்தார். பல ஆண்டு அவ்வேலையில் ஈடுபட்டமையால் விவிலியத்தின் மூலைமுடுக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் முதற் பிரசங்கம் செய்தார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டிலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளிவந்தது.

அந்நூலின் முறை எளிமையானது. ஆனால் பதில் சொல்லுதற்கு அரியது. பாதிரிமார் சைவரைப் பழித்த ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்கின்றார். கோயிலா? எருசலேமிலே தேவாலயம் இருந்ததே. தீபமா, தூபமா? கர்த்தருடைய கூடாரத்திலே விளக்கும் தூபபீடமும் கட்டளைப்படி வைக்கப்பட்டனவே. ஆசாரமா, தீட்டா? மோசேயின் பிரமாணத்திலே அவை விரிவாக விதிக்கப்பட்டனவே. புண்ணிய காலமா? ஓய்வுநாளும் பண்டிகைகளும் என்ன? அப்பத்தையும் இரசத்தையும் கொண்டு அருளைப் பெறலாமெனின், நீற்றையும் தீர்த்தத்தையும் கொண்டு பெறலாகாதோ? உமக்கு விதி எனின் எமக்கும் விதியே. எமக்குப் பிழை எனின் உமக்கும் பிழையே.

பட்லர் சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள். ஓரிடத்திலே பொறுத்துக்கொண்டதை மற்றோரிடத்திலே பழித்தல் நீதியன்று என அவர் அறிவுவாதியரைப் பார்த்துச் சொன்னார். நாவலர் பாதிரிமாரைப் பார்த்து அதே நியாயத்தைக் கேட்டார். பெயின் எந்தப் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளைக் கத்தியாகப் பிடித்தாரோ, அவற்றையே நாவலர் கேடயமாகப் பிடித்தார் என்பது அதனினும் வியப்பு. பெயின், இத்தகைய பலியும் சடங்கும் கொண்ட நூல் கடவுள் வாக்காகாது என்றார். நாவலரோ, இத்தகைய சடங்கு உமது நூலிலும் உள்ளதாகலின் எமது சடங்கைப் பழிக்க உமக்கு வாயில்லை என்றார்.

சில ஆண்டுகளில் வட்டுக்கோட்டைச் செமினரியில் வளர்ந்த கணித வல்லுநரான விசுவநாதபிள்ளை, கிறிஸ்தவர் பக்கம் நின்று ‘சுப்பிரதீபம்’ என்னும் மறுப்பை எழுதினார். எதிர்மறுப்புகளும் தொடர்ந்தன. பின்னாளிலே அவரே சைவத்துக்குத் திரும்பினார். அவருடன் சென்னைச் சருவகலாசாலையின் முதற் பட்டதாரியாய் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் சைவம் திரும்பி, 1867இல் ‘சைவ மகத்துவம்’ எழுதினார். தென்னிலங்கையிலே 1873 ஆகஸ்டு 26ஆம், 28ஆம் நாள்களிற் பாணந்துறையில், மிகெட்டுவத்தே குணானந்த தேரர் டேவிட் டி சில்வா முதலிய பாதிரிமாரோடு பெருங்கூட்டத்தின் முன் வாதாடினார். அவ்வாதத்தின் ஆங்கில அறிக்கையைப் படித்தே ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தார். சைவரும் பௌத்தரும் தத்தம் வழியில் ஒரே படைக்கலத்தைக் கையாண்டனர்.

ஒரு வாதத்தின் பலமும் எல்லையும்

நாவலரை நாம் ஐந்தாம் குரவரெனப் போற்றுகின்றோம். போற்றுதல் வேறு, ஆராயாது விடுதல் வேறு. அவர் வாதத்தின் பலம் யாது? பழிப்பவனுடைய நூலைப் பழிப்பவனினும் நன்றாகக் கற்று, அதிலிருந்தே விடை கொடுத்தமை. எல்லை யாது? இரு சமயத்தாரும் ஒரே தோணியில் இருக்கின்றனர் என்பதை அது காட்டும். அத்தோணி கரை சேருமா என்பதைக் காட்டாது. பெயின் போன்ற ஒருவர் இருவரையும் நோக்கி, அப்படியாயின் இரண்டையும் விடுங்கள் என்று சொல்லிவிடலாம்.

இதனை நாவலர் உணராதவர் அல்லர். ஆதலின்றான் கண்டனத்தோடு நில்லாமற் பாலபாடம் எழுதினார், பெரியபுராணத்தை வசனமாக்கினார், ஏடுகளைப் பரிசோதித்து அச்சிட்டார். மறுப்பது பாதி வேலை. தன் சமயத்தின் பொருளைத் தன் பிள்ளைக்கு விளங்கச் சொல்வது மறுபாதி.

வாள் நம் வீட்டுப் பக்கம் திரும்பியபோது

இனி, தொடக்கத்திலே நாம் குறித்த இழப்புக்கு வருவோம். பாதிரிமார் நம்மைப் பழித்த பழிப்புகளுட் சில, நாவலர் உள்ளத்திலும் தைத்தன. ஆகமத்துக்கு மாறான வழிபாடுகள் நம்மிடத்தில் இருப்பதாற்றானே அவர்கள் சிரிக்கின்றார்கள் என்று அவர் வருந்தினார். உயிர்ப்பலியைக் கண்டித்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலேயே விதிப்படி நடவாதவற்றைக் கண்டித்தார். இவற்றில் நாம் அவர் பக்கமே. ஆனால் அதே மூச்சிற் கண்ணகி வழிபாட்டையும் கண்டித்தார். சமண காவியத்து வணிகப் பெண்ணொருத்தி சைவருக்குத் தெய்வமாதல் எங்ஙனம் என்பது அவர் வினா. அக்காலத்தை அடுத்து யாழ்ப்பாணத்திலே பல கண்ணகி கோயில்கள் வேறு அம்மன் பெயர்களைப் பூண்டன.

மட்டக்களப்பாருக்கு இது சிறு செய்தியன்று. காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம் என வாவியின் இருமருங்கும் கண்ணகை அம்மன் கோயில்கள். வைகாசி பிறந்தாற் கதவு திறக்கும், வழக்குரை பாடப்படும், இறுதி நாளிலே குளிர்த்தி பாடி அம்மனின் சினத்தை ஆற்றுவர். மழை வேண்டுமாயினும் அவளிடமே செல்வர். அம்மை நோய் கண்டாலும் அவளையே அழைப்பர். சிங்களச் சகோதரரும் பத்தினித் தெய்வமென அவளையே வணங்குவர். இத்துணையும், பாதிரிமார் சிரிக்கின்றனர் என்பதற்காகவோ ஆகமத்திற் பெயரில்லை என்பதற்காகவோ கழிக்கப்படவேண்டியனவா?

இங்கே நாம் நாவலரின் சொந்த நியாயத்தையே அவர் முன் வைக்கின்றோம். சைவ ஆசாரத்தின் உட்பொருளை அறியாது வெளித்தோற்றத்தைக் கண்டு பழித்தீர் என்று பாதிரிமாரைக் கடிந்தார் அல்லவா? அதே விதி கண்ணகை அம்மனின் அடியார்க்கும் உரியதாகும். குளிர்த்தியின் உட்பொருளைக் கேளாது அதனைத் தள்ளுதல், திருநீற்றின் பொருளைக் கேளாது அதனைத் தள்ளிய பாதிரியார் செய்கையையே ஒக்கும். உமக்கு விதி எனின் எமக்கும் விதியே என்று அவர் கற்பித்த பாடத்தை, அவரிடமே ஒப்புவிக்கின்றோம். மாணவன் ஆசிரியனுக்குச் செய்யும் மரியாதை இதுவே.

மேலும், அவ்வழிபாட்டின் நடுவிலே நிற்பது யாது? ஒரு வழக்கு. கண்ணகி பாண்டியன் அவைக்குச் சென்று, அழுது புலம்பி மட்டும் நிற்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான். சிலம்பு உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது. அரசனாயினும் சான்றின் முன்னே தலை சாய்ந்தது. பிழையை ஒப்பி உயிர்விட்டான். அரசன் சொன்னதால் உண்மையன்று, சான்று காட்டியதால் உண்மை என்பதை, ஆண்டுதோறும் வைகாசியிலே நம் தாய்மார் கைகூப்பி நின்று கேட்கின்றார்கள். அறிவும் பக்தியும் பகையென்று எண்ணிய ஐரோப்பியப் பிரசுரக்காரர் எவரும் இத்தகைய கோயிலைக் கண்டாரில்லை.

மட்டக்களப்பு அளித்த விடை

மட்டக்களப்பிலே யாழ்ப்பாணம் போலக் கண்டன நூல்கள் மலிந்ததில்லை. இங்கே வாதம் பாடசாலை வடிவிலே நடந்தது. ஓல்ட் பாதிரியார் 1815 ஏப்ரலில் இறந்தார். அவர் தொடக்கிய கல்விப்பணியோ இறக்கவில்லை. 1814ஐ ஆண்டாகக் கொண்ட மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் எழுந்த புனித மிக்கேல் கல்லூரியும் இப்பகுதிக்குத் தந்த அறிவொளியை நன்றியோடு நினைத்தல் வேண்டும். அதேவேளை, சைவப் பிள்ளை ஆங்கிலமும் கணிதமும் கற்கவேண்டுமாயின் தன் தாய் நெறியைப் பழிப்பாரிடமே செல்லவேண்டியிருந்த துன்பத்தையும் மறைத்தலாகாது.

அத்துன்பத்துக்கு விடை சொன்னவர் மயில்வாகனன் என்னும் இளம் பெயருடைய விபுலாநந்தர். 1892இற் காரைதீவிலே, கண்ணகை அம்மன் கோயில் விளங்கும் ஊரிலே பிறந்தார். கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டுநகரிற் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டார். அவர் எழுதிய மறுமொழி ஒரு கண்டனப் பிரசுரமன்று. 1929இற் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயமே அவருடைய மறுமொழி. விஞ்ஞானமும் கற்கலாம், வேதாந்தமும் கற்கலாம். ஒன்றைப் பெற மற்றொன்றை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை என அதனாற் காட்டினார். ஷேக்ஸ்பியரை ‘மதங்க சூளாமணி’யிலே தமிழர்க்கு அறிமுகம் செய்தார். ஆங்கிலப் புலவன் அந்நியன், ஆதலின் ஆகான் என்று அவர் சொல்லவில்லை.

அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஆராய்ச்சி எது? யாழ் நூல். அதற்கு அடிப்படை சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. நாவலர் தள்ளிய கண்ணகியின் காவியத்தையே, நாவலர் தொடக்கிவைத்த தமிழ்ப் பரிசோதனை வழியில் நின்று, பௌதிகமும் கணிதமும் துணையாகக் கொண்டு ஆராய்ந்தார். 1947இலே திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார். நம் ஊர்க் கோயில்களில் ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்த கண்ணகி வழக்குரையை, 1968இலே வித்துவான் வி. சீ. கந்தையா பதிப்பித்து வெளியிட்டார். இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கினால், மட்டக்களப்பு சொன்ன விடை தெளிவாகின்றது: ஆராய்ச்சி நம்பிக்கையை அழிக்க வந்த தீயன்று, அதன் பொருளைத் துலக்க வந்த விளக்கு.

இளைஞர்க்கு ஒரு சொல்

வாசகர்களே, இம்மலரைக் கையில் எடுக்கும் இளைஞரே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, எதிரியின் நூலைப் படியாமல் எதிர்வாதம் செய்யாதீர். நாவலர் பெற்ற வெற்றி, விவிலியத்தோடு அவர் கழித்த ஆண்டுகளின் கூலி. நம்முள் எத்தனைபேர் நம் திருமுறையையேனும் அவ்வாறு கற்றிருக்கின்றோம்?

இரண்டாவது, பிறர்மீது வீசும் கேள்வியை நம்மீதும் வீசிப் பார்க்க வேண்டும். பிறர் சமயத்தின் அற்புதத்துக்குச் சான்று கேட்போம். நம் சாதிக் கொடுமைக்குச் சாத்திரம் காட்டுவோம் என்றால், நாம் அறிவை வழிபடவில்லை, அதனை வேலைக்கு அமர்த்தியிருக்கின்றோம். பாதிரிமார் கேட்ட கேள்விகளுள், எல்லார்க்கும் ஒரே கிணறு ஏன் இல்லை என்பது நாம் இன்றும் தலைநிமிர்ந்து விடை சொல்லத் தயங்கும் கேள்வி. கேட்டவன் அந்நியன் என்பதனாற் கேள்வி பொய்யாகிவிடாது.

மூன்றாவது, வாதத்துக்கு ஓர் எல்லை வேண்டும். நம் முன்னோர் கொம்பு முறித்து விளையாடினர். ஊர் இரண்டாகப் பிரியும். கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி. கொளுவிய கொம்புகளை இருபுறமும் வடம்பிடித்து இழுப்பர். ஒருவரை ஒருவர் வசைபாடுவர். ஒரு வீட்டிலேயே கணவன் ஒரு சேரி, மனைவி மறு சேரி. ஆயினும் விளையாட்டு முடிந்ததும் இரு சேரியாரும் ஒரே அம்மன் முன்றிலிலே நிற்பர். தோற்றவன் ஊரைவிட்டு ஓடவேண்டியதில்லை; வென்றவன் அவனைச் சிறையிடுவதில்லை. இலண்டனும் ஹம்பேர்க்கும் அறியாத இந்தப் பண்பு, எழுத்தறியாத நம் கிராமத்தாரிடம் இருந்தது.

இன்று மட்டக்களப்பிலே சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒரே வாவியின் நீரைப் பார்த்து வாழ்கின்றோம். கேள்வி கேட்கும் உரிமையை எவர்க்கும் மறுக்க வேண்டாம். நமக்கும் மறுத்துக்கொள்ள வேண்டாம். கொம்பு முறியட்டும், குடி முறியாதிருக்கட்டும். சிலம்பு உடையட்டும், உள்ளே இருப்பது மாணிக்கமாயின் அது தெறித்து ஒளிரும். மாணிக்கம் வைத்திருப்பவர் சிலம்பை உடைக்க அஞ்சார்.